512-இன் மடங்குகள்

கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன கம்பெனி. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது எல்லாம் என் தலையில்தான். பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். டிராயிங்குகளும் ஆய்வு அறிக்கைகளும் ஷேர்பாயிண்ட் ஃபவுண்டேஷன் 2010-இல் இருந்தன. ஆபீஸ் ஃபைல்களை ஒரே இடத்தில் வைத்துப் பகிர்ந்துகொள்ளும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள் அது. எனக்கு முன்னால் இருந்தவர் போட்டு வைத்தது. 2021 ஏப்ரல் 13-ஆம் தேதியோடு அதற்கான ஆதரவு முடிந்தது. ஓடுகிறதே என்று அப்போதும் யாரும் அதைத் தொடவில்லை.

ஒரு நாள் ஃபைல் ஏறமாட்டேன் என்றது. பின்னால் இருந்த டேட்டாபேஸ் எஸ்க்யூஎல் சர்வர் 2008 ஆர்2-இன் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பு. 10 ஜிபிக்கு மேல் வளராது. இத்தனைக்கும் எங்களிடம் அவ்வளவு ஃபைல் கிடையாது. டிராயிங்கில் ஒரு கோட்டை மாற்றினாலும் 2010 பதிப்பு முழு ஃபைலையும் இன்னொரு தடவை சேமிக்கும். 20 எம்பி டிராயிங்குக்குப் பதினான்கு வெர்ஷன் என்றால் 280 எம்பி போச்சு.

எல்லாவற்றையும் புது இடத்துக்கு மாற்றித் தரும் கருவிக்கு வந்த கொட்டேஷனை முதலாளியிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்களே பாத்துக்க முடியாதுங்களா?" சரி என்றேன். சும்மா கிடந்த ஒரு ஐ5 மெஷின், அதில் இலவச இயங்குதளமான உபுண்டு, அதன்மேல் ஃபைல் பகிரும் இலவச மென்பொருளான நெக்ஸ்ட்கிளவுட். புதிதாக வாங்கியது இரண்டு 2 டிபி டிஸ்க் மட்டும்.

பழைய லைப்ரரியை நெட்வொர்க் டிரைவாக மேப் செய்து, மொத்தமாகக் காப்பியெடுக்கும் விண்டோஸ் கட்டளையான ரோபோகாப்பியை ஓடவிட்டேன். 50 எம்பிக்கு மேற்பட்டவை முரண்டு பிடித்தன. அப்படி மேப் செய்ய உதவும் விண்டோஸின் வெப்கிளையன்ட் சர்வீஸ் வைத்திருக்கும் வரம்பு அது. விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றியதும் வழிக்கு வந்தன. சனிக்கிழமை இரவே வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போய்விட்டேன்.

திங்கள் காலை தரக்கட்டுப்பாட்டு அக்கா திறந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, பழைய ரிவிஷனெல்லாம் எங்கீங்க?"

காப்பியில் வந்தது கடைசி வெர்ஷன் மட்டும். மூன்று வருடத்துக்கு முன் அனுப்பிய இம்பெல்லருக்கு (பம்புக்குள் சுழலும் சக்கரம்) இன்று புகார் வந்தால், அன்றைக்கு எந்த டிராயிங்கைப் பார்த்துக் கடைந்தார்கள் என்று அக்காதான் காட்ட வேண்டும். அவருக்கு வேண்டியது அந்த வரிசை. நான் கொண்டுவந்தது அதன் வால்.

அப்புறம் இரண்டு ராத்திரி வெர்ஷன் ஹிஸ்டரியைத் திறந்து ஒவ்வொன்றாக இறக்கினேன். விரல் மரத்துப்போன நேரத்தில்தான் முகவரியில் கண் போனது. முதல் வெர்ஷனில் 512, இரண்டாவதில் 1024, மூன்றாவதில் 1536. 512-ஆல் பெருக்கினாலே அடுத்த வெர்ஷனின் முகவரி கிடைத்துவிடும். முதல் ராத்திரியே பார்த்துத் தொலைத்திருக்கக் கூடாதா! பத்து வரி ஸ்கிரிப்ட் மிச்சத்தை விடிவதற்குள் இறக்கிவிட்டது. மாற்றியவர் பெயரும் தேதியும் மட்டும் அதில் வராது. அக்கா படிக்கப் படிக்க நான் எக்ஸெல்லில் அடித்தேன். நான்கு மத்தியானம் ஆனது.

பழைய சர்வரை ஒரு மாதம் படிக்க மட்டும் விட்டுவைத்தேன். நிறுத்துவதற்கு முன், யார் எப்போது எந்தப் பக்கம் பார்த்தார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் லாகைப் பார்த்தால், தினமும் 1:20-க்கு ஒரே கம்ப்யூட்டர், ஒரே பக்கம். லாக் கிரீன்விச் நேரத்தில் எழுதும். நமக்கு அது காலை 6:50. வாசலில் இருக்கும் செக்யூரிட்டி அண்ணன். உள்ளே விட வேண்டிய லாரிகளின் நம்பர் பட்டியலைப் பார்த்திருக்கிறார். டிபார்ட்மெண்ட் டிபார்ட்மெண்டாகப் போய் என்ன வேண்டும் என்று கேட்ட நான், வாசலுக்குப் போகவில்லை.

அதையும் மாற்றிக் கொடுத்தேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "எழுத்து கொஞ்சம் சின்னதா இருக்குதுங்க தம்பி."