பழகிவிடாதா, மிஸ்?

துருவ உயிரினங்களின் தகவமைப்பு பற்றிய பாடத்தில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு நான் சொன்ன பதில் சரியானதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அது என் மனத்தை விட்டு அகலவில்லை.

அண்டார்டிக்கா மீன்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே கடல்நீர் மைனஸ் 1.9 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்திருக்கும். சாதாரண மீனின் இரத்தம் அதற்கு முன்பே உறைந்துவிடும். அங்குள்ள மீன்களின் இரத்தத்திலோ, நுண்ணிய பனித்துகள்களின்மேல் ஒட்டிக்கொண்டு அவற்றை வளரவிடாமல் தடுக்கும் புரதம் இருக்கிறது. 1960களில் அண்டார்டிக்காவின் மெக்மர்டோ பகுதியில் ஆய்வு செய்த விஞ்ஞானி ஆர்தர் டிவ்ரீஸ் அதைக் கண்டறிந்தார். அந்த மீன்களில் சில, நீர் 6 டிகிரியைத் தொட்டாலே சூடு தாங்காமல் இறந்துவிடும். நமக்குச் சில்லென்று இருக்கும் தண்ணீர்கூட அவற்றின் உயிரைப் போக்கும் சூடுதான் என்றேன்.

"கொஞ்ச நாள்ல பழகிடாதா, மிஸ்? நாங்க பெரும்பாக்கம் போய்ப் பழகிக்கலையா?"

சென்னையில் கூவம் கரையில் இருந்த வீடு இடிக்கப்பட்டு, நகரின் ஓரத்தில் உள்ள பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்ட குடும்பம் அவளுடையது. விடியலிலேயே பேருந்து பிடித்தும், முதல் பாடவேளைக்கு ஈரத்தலையோடு ஓடித்தான் வருவாள்.

"இல்லம்மா, உடம்பு அவ்வளவு சீக்கிரம் மாறாது. எத்தனையோ தலைமுறை ஆகும்."

"அப்போ செத்துடுமா?"

"கடல் இப்படியே சூடானா, நிறைய செத்துடும்."

அதை அவள் நோட்டில் எழுதி அடிக்கோடிட்டாள்.

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? துருவ இரவில் முட்டையைப் பாதங்களின்மேல் வைத்துக்கொண்டு இரண்டு மாதங்களுக்கும் மேலாக உண்ணாமல் நிற்கும் எம்பரர் பென்குயினின் பொறுமைக்கும் ஓர் எல்லை இருக்கிறது. குஞ்சின் தூவிகள் நீர்புகாச் சிறகுகளாக மாறும்வரை காலடியில் கடற்பனி நிலைத்திருக்க வேண்டும். 2016இல் அண்டார்டிக்காவின் ஹாலி விரிகுடாவில் பனி முன்கூட்டியே உடைந்தது. ஆயிரக்கணக்கான குஞ்சுகள் மாண்டன. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அங்கே குஞ்சுகள் ஏறக்குறைய இல்லை. இதைத் தெரிந்துகொண்டே 'பழகிவிடும்' என்று ஒரு பிள்ளையிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மேலும், பழகிவிடும் என்று ஆறுதல் சொல்பவர்கள் பெரும்பாலும் வீடு மாற வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள்தாம்.

"அந்தப் பிள்ளை மீனைப் பற்றியா கேட்டது?" என்று ஆசிரியர் அறையில் என் தோழி கேட்டார். பாடத்தைப் பற்றித்தான் கேட்டாள், பாடத்தைத்தான் சொன்னேன் என்றேன். அப்படிச் சொல்லும்போதே எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை.

ஹாலி விரிகுடாவின் கதை அத்தோடு முடியவில்லை. அங்கிருந்த பென்குயின்களில் பல, சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ள டாசன்-லாம்ப்டன் கூட்டத்தோடு சேர்ந்ததாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் கூட்டம் பல மடங்கு பெருகியது. உடல் மாறவில்லை, இடத்தை மாற்றிக்கொண்டன. அவள் சொன்னதும் ஒருவேளை இதுதானோ? அல்லது, பழகிக்கொண்டோம் என்று சொன்னால் 'உண்மையாகவா?' என்று நான் கேட்பேன் என எதிர்பார்த்தாளோ? ஆனால் போய்ச் சேர்ந்த இடத்திலும் பனி இருந்தால்தானே அது வழியாகும்! 2022இல் அண்டார்டிக்காவை ஒட்டிய பெல்லிங்ஷவுசன் கடலில் ஐந்து பென்குயின் கூட்டங்களில் நான்கு, அந்த ஆண்டுக் குஞ்சுகளை மொத்தமாக இழந்தன.

இந்த ஜூனில் அவள் மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அருகிலேயே ஒரு பள்ளியில் சேர்ந்துவிட்டாள். அடுத்த மாதம் அதே பாடம் வருகிறது. டாசன்-லாம்ப்டனைக் குறிப்பில் சேர்த்துவிட்டேன். 2022ஐயும் அதே வகுப்பில் சொல்வதா என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை.