தூத்துக்குடி மாவட்டத்தின் மழைக் கணக்கு

1986ஆம் ஆண்டு திருநெல்வேலியிலிருந்து பிரிக்கப்பட்ட தூத்துக்குடி மாவட்டத்தை முத்து, துறைமுகம் என இரண்டே சொற்களில் அறிமுகப்படுத்திவிடுவது வழக்கம். முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட வ.உ.சி. துறைமுகம் இன்று நிலக்கரியும் சரக்குப் பெட்டகங்களுமாக இயங்குகிறது. ஆனால் இம்மாவட்டத்தின் பிழைப்பை அறிய, கப்பல் கணக்கைக் காட்டிலும் மழைக் கணக்கே உதவும் என்பது என் எண்ணம்.

வடக்கே கோவில்பட்டி, விளாத்திகுளம் வட்டாரங்களின் கரிசல் காடு ஐப்பசி மழையை நம்பி உளுந்தும் பாசியும் மக்காச்சோளமும் விதைக்கிறது. தீக்குச்சிகள் சீக்கிரம் காயும் வறண்ட காற்றால் அங்கே தீப்பெட்டித் தொழிலும் வேரூன்றியது. தெற்கே ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே நெல்லும் வாழையும் விளைவது, பொதிகையில் பெய்யும் மழையைத் தாமிரபரணி கொண்டுவந்து சேர்ப்பதால்தான். ஆற்றுக்குத் தெற்கே சற்று விலகினால் குதிரைமொழித் தேரியின் செம்மணலும் பனையும். உடன்குடிக் கருப்பட்டியின் ஊற்றுக்கண் அப்பக்கம்தான்.

கடலோரத்து உப்பளங்களுக்கோ மழையே பகை. கடல்நீரையோ நிலத்தடி உவர்நீரையோ பாத்தி பாத்தியாக மாற்றிக் காயவிடும்போது முதலில் ஜிப்சம் படியும். நீர் மேலும் இறுகியபின், கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கும். அதை வாரி வரப்பில் குவித்து, வடிந்தபின் அம்பாரமாக ஏற்றுவார்கள். நடுவில் ஒரு நல்ல மழை பெய்தால் பல நாள் வெயிலின் உழைப்பு கரைந்துபோகும். ஆகவே கரிசல்காரர் வானத்தைப் பார்த்து ஏங்கும் அதே மாதங்களில் உப்பளத் தொழிலாளிக்கு வேலை இல்லை.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியபோது இந்த வேறுபாடெல்லாம் அடிபட்டுப் போயிற்று. வாழைத் தோட்டங்கள் மூழ்கின. சேமித்து வைத்த உப்பும் வெள்ளத்தோடு போயிற்று. அத்தகைய பேரிடர் எப்போதோ வருவது. உப்பளத்தின் மழைக்கால வேலையின்மையோ ஆண்டு தவறாமல் வருவது. அதற்காகத் தமிழக அரசு 2022 முதல் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் வழங்கிவருகிறது. வரவேற்கத்தக்க ஏற்பாடுதான், ஆயினும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஒரு குடும்பம் உலை வைக்க இது எந்த மூலைக்கு என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது.