கடைசி இரண்டு அடிகள்

‘முட்டியை நன்றாக மடக்கு, பிறகு எம்பு’ என்பது உயரம் தாண்டப் பழகும் பிள்ளைகளிடம் நான் பல ஆண்டுகள் சொல்லிவந்த அறிவுரை. நான் உடற்கல்வி ஆசிரியராகப் பணியில் சேர்ந்தபோது எனக்குச் சொல்லித் தந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். நின்ற இடத்திலிருந்து இரண்டு கால்களாலும் எம்பும்போது அந்த அறிவுரை ஓரளவு பொருந்தும். ஓடி வந்து ஒற்றைக் காலில் எழும்பும்போது அதுவே பிள்ளையின் உயரத்தைக் குறைத்துவிடும். தாவலை அளந்து ஆராய்ந்தவர்கள் எழுதியவற்றைப் படித்த பிறகுதான், மைதானத்தில் அன்றாடம் என் கண்முன் நடந்துகொண்டிருந்ததை நான் சரியாகப் பார்க்கத் தொடங்கினேன். படித்ததையும் அதைக் கொண்டு எங்கள் மணல் குழியருகே செய்து பார்த்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தாவலை அளக்கும் முயற்சிக்கு வயது அதிகம். 1880களிலேயே பாரிஸில் எத்தியென்-ஜூல் மாரேயும் அவருடைய துணைவர் ஜார்ஜ் தெமினியும், காலடி தரையில் செலுத்தும் அழுத்தத்தைப் பதிவு செய்யும் மேடை ஒன்றை அமைத்து, அதோடு தொடர் ஒளிப்படங்களையும் எடுத்து, மனிதன் எம்புவதைக் கணம் கணமாகப் பிரித்துப் பார்த்தார்கள். இன்று ஆய்வுக்கூடங்களில் உள்ள விசைத் தட்டுகள் அந்த மேடையின் வழிவந்தவையே. 1921இல் அமெரிக்க மருத்துவரும் உடற்கல்வியாளருமான டட்லி சார்ஜென்ட் எம்பும் உயரத்தை உடல் திறனுக்கான அளவுகோலாக முன்வைத்தார். எம்பி எட்டும் உயரத்திலிருந்து நின்று எட்டும் உயரத்தைக் கழிக்கும் சோதனைக்கு இன்றும் அவர் பெயர்தான்.

அதற்குப் பின் வந்த ஆய்வுகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது ஓர் எளிய ஒப்பீடு. முட்டியை மடக்கி, அந்த நிலையிலேயே ஓரிரு விநாடி நின்று, பிறகு எம்பினால் ஓர் உயரம் கிடைக்கிறது. நிமிர்ந்து நின்று, சட்டென்று தாழ்ந்து, நிற்காமல் உடனே எம்பினால் சில சென்டிமீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது. ரப்பர் பட்டையைப் போலத் தசைநாண் இழுபட்டுச் சேமித்த ஆற்றலைத் திருப்பித் தருவதே இதற்குக் காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த மார்டன் பாபர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு காரணத்தை முதன்மையாக வைத்தது. தசை முழு விசையை எட்டுவதற்குச் சிறிது நேரம் தேவை. மடக்கிய நிலையில் நின்றிருப்பவர் எம்பத் தொடங்கும்போது விசை வளர்ந்து முடிவதற்குள் முட்டி பாதி நீண்டுவிடுகிறது. தாழ்ந்து எழுபவரோ, கீழிறங்கும் உடலைத் தடுத்து நிறுத்தும்போதே தசையை முழுவதும் முறுக்கேற்றிவிடுவதால், மேல்நோக்கிய நீட்சியின் முதல் அங்குலத்திலிருந்தே பெரிய விசையோடு தரையைத் தள்ளுகிறார். ஆகவே எவ்வளவு ஆழம் மடக்குகிறோம் என்பதைவிட, மடக்கலுக்கும் எழுதலுக்கும் இடையே தயக்கம் இல்லாமல் இருப்பதே முக்கியம். கைகளைப் பின்னிருந்து வீசி எழும்பினால் உயரம் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடும் என்பதும் பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. கையை இடுப்பில் வைத்து எம்பச் சொல்வது சோதனைக்கு உதவும், போட்டிக்கு உதவாது.

உயரம் தாண்டுதல் இதிலிருந்து பெரிதும் வேறுபட்டது. அங்கே உயரத்தின் மூலப்பொருள் ஓட்டம். முன்னணி ஆண் வீரர்கள் விநாடிக்கு ஏழு, எட்டு மீட்டர் வேகத்தில் வந்து, தாண்டும் காலை உடலுக்கு முன்னே ஏறக்குறைய நேராக நீட்டி ஊன்றுகிறார்கள். ஊன்றிய கால் ஒரு கழிபோல நிற்க, ஓடி வந்த உடல் அதன்மேல் ஏறிச் செல்கிறது; கிடைமட்ட வேகத்தில் ஒரு பகுதி செங்குத்து வேகமாக மாறுகிறது. இவை யாவும் நடந்து முடிவது ஐந்தில் ஒரு விநாடிக்கும் குறைந்த நேரத்தில். ஒரு சிறு கணக்கு இதை விளக்கும். நெடிய உடல்வாகுள்ள ஒரு வீரர் தரையை விட்டு எழும் கணத்தில் அவருடைய நிறை மையம் (உடலின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளும் புள்ளி) ஏறத்தாழ 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்றும், செங்குத்து வேகம் விநாடிக்கு 4.4 மீட்டர் என்றும் கொண்டால், நிறை மையம் அதற்கு மேல் 99 சென்டிமீட்டர் உயரும், மொத்தம் 2.39 மீட்டர். இந்த வேகத்தை 0.17 விநாடியில் பெற வேண்டுமானால், அந்த ஒற்றைக் கால் சராசரியாகவே உடல் எடையைப் போல் மூன்றரை மடங்குக்கு மேற்பட்ட விசையைத் தாங்க வேண்டும். முட்டி ஆழமாக மடங்கினால் கழி முறிந்ததைப் போலாகும். ஓட்டத்தின் வேகம் மேலே திரும்பாமல் முட்டியிலேயே கரைந்துபோகும். என் பழைய அறிவுரை பிள்ளைகளுக்குச் செய்த கேடு இதுதான்.

சுவீடனின் ஸ்டெஃபான் ஹோல்மை நான் இங்கே நினைத்துக்கொள்வதுண்டு. 1.81 மீட்டர் உயரமே உள்ள அவர், 2005இல் மாட்ரிட்டில் நடந்த ஐரோப்பிய உள்ளரங்கப் போட்டியில் 2.40 மீட்டரைத் தாண்டினார். தன் தலைக்கு மேல் 59 சென்டிமீட்டர். குள்ளமான பிள்ளைகள் ‘எனக்கு இது வராது சார்’ என்று ஒதுங்கும்போது நான் முதலில் சொல்வது அவர் பெயரைத்தான்.

தரையை விட்ட பிறகு நிறை மையத்தின் பாதையை யாராலும் மாற்ற முடியாது. காற்றில் செய்யும் வளைவும் நெளிவும், கிடைத்த உயரத்தை வீணாக்காமல் பயன்படுத்துவதற்கான ஏற்பாடு மட்டுமே. 1968இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபாஸ்பரி கம்பிக்கு முதுகைக் காட்டித் தாண்டி, 2.24 மீட்டருடன் தங்கம் வென்றபோது, முதுகு வளைவதால் நிறை மையம் கம்பிக்குக் கீழே செல்ல உடல் மட்டும் மேலே செல்கிறது என்ற விளக்கம் பரவியது. கொள்கையளவில் அது நடக்கக் கூடியதே. ஆனால் தேர்ந்த வீரர்களிலும் பெரும்பாலோரின் நிறை மையம் கம்பிக்குச் சற்று மேலாகத்தான் செல்கிறது. குப்புறக் கவிழ்ந்து தாண்டும் பழைய ஸ்ட்ராடில் முறையும் எளிதில் தோற்றுவிடவில்லை: ஃபாஸ்பரிக்குப் பத்து ஆண்டுகள் கழித்து, 1978இல், சோவியத் வீரர் விளாதிமிர் யாஷ்சென்கோ அந்த முறையிலேயே 2.34 மீட்டர் தாண்டி உலகச் சாதனை படைத்தார்.

என்னைப் பொறுத்தவரை புதிய முறையின் உண்மையான வலிமை, அது அனுமதித்த வளைந்த, வேகமான ஓட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் உயரம் தாண்டுதலைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ஹேசூஸ் தாபேனாவின் எழுத்துகள் இதை அழகாக விளக்குகின்றன. வளைவில் சைக்கிள் ஓட்டுபவர் உள்பக்கம் சாய்வதைப் போல, வளைந்து ஓடும் வீரரும் உள்பக்கம் சாய்கிறார். அந்தச் சாய்வினாலேயே, முட்டியை அதிகம் மடக்காமலும் வேகத்தை இழக்காமலும் நிறை மையம் தாழ்ந்துவிடுகிறது. தாண்டும் காலை ஊன்றும்போது சாய்ந்த உடல் நிமிர்ந்து எழுகிறது. அந்த நிமிர்வே, கம்பிக்கு மேல் உடல் புரளுவதற்கான சுழற்சியின் ஒரு பகுதியைத் தருகிறது. நேர்கோட்டில் ஓடி வந்து இவற்றைப் பெற முயன்றால், கடைசி நேரத்தில் உடலை முறுக்கிக் கம்பியின் மீது விழ நேரிடும். பள்ளிப் போட்டிகளில் நாம் காணும் கம்பித் தட்டல்களில் பெரும்பாலானவை இப்படி நேர்பவைதான்.

சமநிலை இந்த இடத்தில்தான் தாவலுக்குள் நுழைகிறது. கடைசிக்கு முந்தைய அடியில் வீரர் வேகமாக ஓடிக்கொண்டே, ஒரு பக்கம் சாய்ந்தபடி, ஒற்றைக் காலில் தன் உடலைத் தாழ்வாகக் கொண்டு செல்ல வேண்டும். அந்தக் கால் தள்ளாடினால் அடுத்த ஊன்றல் தாமதமாகும். அல்லது இடம் மாறிப்போகும். பிள்ளை அந்த அச்சத்தை உணர்ந்து, தன்னையறியாமல் ஓட்டத்தைத் தளர்த்திவிடும். ‘பயப்படாமல் ஓடு’ என்று கரையில் நின்று கத்துவதால் இது தீராது. தள்ளாடும் காலுக்கு அந்த அச்சம் நியாயமானதே.

சேலம் மாவட்டத்தின் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியவர். 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கமும், டோக்கியோவில் 1.86 மீட்டருடன் வெள்ளியும், 2024இல் பாரிஸில் 1.85 மீட்டருடன் வெண்கலமும் வென்றார். டோக்கியோவில் மழை வலுத்தபோது, பாதிக்கப்பட்ட காலில் அணிந்திருந்த காலுறை நனைந்துவிட்டதால் தாண்டுவது கடினமாகிவிட்டது என்று அவர் போட்டிக்குப் பின் கூறினார். அதைப் படித்தபோது என் மனம் கலங்கியது. பாதம் தரையை உணரும் விதத்தில் ஏற்படும் ஒரு சிறு மாற்றம் உலகின் மிகச் சிறந்த தாவலையும் அசைத்துவிடும். கண், உள்காது, மூட்டுகளிலும் பாதத்திலும் உள்ள உணர்வுகள் ஆகிய மூன்றையும் சேர்த்துத்தான் மூளை சமநிலையைக் கணிக்கிறது. அவற்றில் மூன்றாவது நாம் அதிகம் கவனிக்காதது.

அது எனக்கு என் இடது கணுக்காலில் புரிந்தது. கல்லூரி நாள்களில் வாலிபாலில் பிளாக் எடுத்து இறங்கும்போது எதிரணி வீரரின் பாதத்தின் மீது விழுந்து சுளுக்கியது. வீக்கம் வடிந்ததும் ஆடச் சென்றேன். அதே கால் மேலும் இரண்டு முறை பிசகியது. தசைநார் நைந்தபோது, மூட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மங்கியது என்பதையும் அதற்குத் தனியாகப் பயிற்சி தேவை என்பதையும் அன்று எனக்குச் சொல்ல ஒருவரும் இல்லை. நெதர்லாந்தில் வாலிபால் அணிகளை ஒரு பருவம் முழுவதும் பின்தொடர்ந்து, எவெர்ட் வெர்ஹாகனும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் வெளியிட்ட முடிவுகள் எனக்காகவே எழுதப்பட்டவை போலிருந்தன: ஆடும் பலகையில் நின்று செய்யும் சமநிலைப் பயிற்சி, ஏற்கெனவே கணுக்கால் சுளுக்கியவர்களுக்கு மீண்டும் சுளுக்குவதைக் குறைத்தது.

இறங்கும்போது ஏற்படும் முழங்கால் காயம் இன்னும் கொடியது. முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும், ஏ.சி.எல். எனப்படும் தசைநார் கிழிவது, பாதம் தரையைத் தொட்ட சுமார் 40 மில்லி விநாடிகளுக்குள் நிகழ்ந்துவிடுவதாகக் காணொளி ஆய்வுகள் காட்டுகின்றன. அந்த நேரத்துக்குள் கால் தவறாக விழுவதை உணர்ந்து திருத்திக்கொள்ள எந்த உடலாலும் முடியாது. தசைகள் காற்றிலேயே தயாராகியிருக்க வேண்டும். வளரிளம் பெண்களுக்கு இந்தக் காயம் ஆண் பிள்ளைகளைவிட அதிகம் ஏற்படுகிறது. ஆகவே என்னிடம் வரும் மாணவிகள் எம்பக் கற்கும் முன் இறங்கக் கற்கிறார்கள்: முட்டி உள்பக்கம் சரியாமல், பாதத்துக்கு நேராக மடங்கி, ஓசை எழாமல்.

சமநிலைப் பயிற்சி என்றதும் ஒற்றைக் காலில் அசையாமல் ஒரு நிமிடம் நிற்க வைத்தால் போதும் என்று நினைப்பது சரியன்று. ஒரு வகைச் சமநிலையில் பெற்ற தேர்ச்சி, பழகாத மற்றொரு வகைக்கு அதிகம் கடந்து செல்வதில்லை என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆடும் பலகையில் தேர்ந்தவர் அந்தப் பலகையில்தான் தேர்ந்தவர். கணுக்காலைக் காக்க அது உதவும். தாண்டுவதற்கு வேண்டிய சமநிலையைத் தாண்டுவதற்கு நெருக்கமான அசைவுகளிலேயே பழக வேண்டும்.

எங்கள் பள்ளியில் மெத்தை இல்லை, மணல் குழிதான் உண்டு. முதுகில் விழும் முறையை மணலில் கற்பிப்பது கழுத்துக்கு ஆபத்து. அதை நான் ஒருபோதும் செய்ய மாட்டேன், வேறு எவரும் செய்யக் கூடாது. நுரைமெத்தைகள் வந்ததற்குப் பிறகுதான் ஃபாஸ்பரி முறை உலகெங்கும் பரவியது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் வளைந்து ஓடி வந்து ஒரு காலை அடுத்து மறு காலைக் கத்தரிக்கோல் போலக் கம்பிக்கு மேல் வீசும் கத்தரிப்பு முறையில் தாண்டி, கால்களில் இறங்குவதற்கு மணலே போதும். முன்னணி வீரர்களும் பயிற்சியில் அதைச் செய்கிறார்கள். சுண்ணாம்புப் பொடியால் தரையில் ஏழு மீட்டர் ஆரத்தில் ஒரு வளைவு போட்டேன். முதல் வாரம் கம்பியே வைக்காமல் அந்தக் கோட்டின் மீது சாய்ந்து ஓடுவதை மட்டும் பழகினார்கள். அடுத்து, கடைசிக்கு முந்தைய அடியில் தாழ்ந்து, கடைசி அடியை விரைந்து ஊன்றி, மேலே எழுவது.

அளப்பதற்கு விசைத் தட்டு இல்லையே என்று வருந்தத் தேவையில்லை. விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் கைப்பேசி இருந்தால், நின்று எம்பும் தாவலில் பாதம் தரையை விட்டதற்கும் மீண்டும் தொட்டதற்கும் இடைப்பட்ட படங்களை எண்ணலாம். 120 படங்கள் என்றால் அரை விநாடி. அந்த நேரத்தின் வர்க்கத்தை 122.6 ஆல் பெருக்கினால் உயரம் சென்டிமீட்டரில் கிடைக்கும். அரை விநாடிக்கு 30.7. ஒரு படம் முன்பின்னானாலும் பிழை அரை சென்டிமீட்டர் அளவில்தான் இருக்கும். காற்றில் முட்டியை மடக்கிக்கொண்டு இறங்கினால் மட்டும் கணக்கு பொய்யாக உயர்ந்துவிடும் என்பதால், நீட்டிய காலுடன் தரையைத் தொட்டபின் மடக்கச் சொல்ல வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கடந்த ஆண்டு 1.15 மீட்டரில் நின்றுவிட்டாள். ஒவ்வொரு முறையும் கடைசி இரண்டு அடிகளில் வேகம் செத்துவிடும். நின்று எம்பும் உயரத்தில் இந்த ஆண்டும் அவளிடம் பெரிய மாற்றமில்லை, ஆனால் ஓடி வந்து 1.27 தாண்டுகிறாள். காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்ததில் வளைவில் அவளுடைய உடல் இன்னும் போதிய அளவு சாயவில்லை. வரும் திங்கட்கிழமை ஆரத்தை ஆறரை மீட்டராகக் குறைத்துப் புதிய கோடு போடப் போகிறோம்.