சுவருக்குக் காசு கிடையாது

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, காலை ஆறு மணிக்கு ஃபோன். நான் கணக்குப் பார்க்கும் வீட்டின் பொறுப்பாளர்தான். வீட்டைச் சூடேற்றும் ஃபர்னஸ் நின்றுவிட்டது, எட்டுப் பேரும் கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறோம் என்றார். வெளியே நம்மூர்க் கணக்கில் மைனஸ் 14 டிகிரி.

லேப்டாப்பைத் திறந்து அந்த வீட்டின் வங்கிக் கணக்கைப் பார்த்தேன். 38,000 டாலர் இருந்தது. புது ஃபர்னஸ் போட்டால் ஆறாயிரம் ஆகும். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு சென்ட்கூடத் தொட முடியாது. ஊழியர் பயிற்சிக்கென்று ஓர் அறக்கட்டளை கொடுத்த பணம் அது. குளிரில் நடுங்கிக்கொண்டே பயிற்சி எடுத்துக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை.

நான் ஒஹையோவின் கொலம்பஸில் கணக்கெழுதிப் பிழைப்பவன். சொந்த ஊர் சாத்தூர். குடியையும் மாத்திரையையும் விட்டவர்கள் சிகிச்சை முடிந்து வந்து சேர்ந்து வாழும் வீடு ஒன்றுக்கு ஆறு வருஷமாகச் சம்பளமில்லாமல் கணக்குப் பார்க்கிறேன். ஏன் இந்த வேலை என்று மனைவி கேட்பதில்லை. என் அண்ணன் மூன்று முறை மறுவாழ்வு மையத்துக்குப் போய்த் திரும்பினான். மூன்று முறையும் அதே தெருவுக்கு, அதே திண்ணைக்கு, அதே கூட்டாளிகளிடம். பஸ் ஸ்டாண்டில் இறங்கி வீட்டுக்கு நடப்பதற்குள் இரண்டு டாஸ்மாக். நடுவில் தங்க ஓர் இடம் இருந்திருந்தால் என்ற நினைப்பு எனக்கு இன்னும் போகவில்லை. அவனைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

இங்கே அந்த நடுவிடம் இருக்கிறது. அதைக் கட்டத்தான் காசு கிடைப்பதில்லை. சிகிச்சைக்கு இருக்கிறது, ஆலோசகருக்கு இருக்கிறது, துண்டறிக்கை அச்சடிக்கக்கூட இருக்கிறது. போதைத் தடுப்புக்கும் சிகிச்சைக்கும் மத்திய அரசு மாநிலங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் மானியம், பிளாக் கிராண்ட்தான் பெரிய ஊற்று. அதன் விதியிலேயே நிலம் வாங்கக் கூடாது, கட்டடம் வாங்கவோ கட்டவோ கூடாது என்று எழுதியிருக்கிறது. சில்லறை மராமத்து மட்டும் செய்துகொள்ளலாம்.

சுவருக்கென்று எங்கள் கண்ணில் பட்ட பணம், ஓபியாய்டு போதையைச் சமாளிக்க 2018-ல் நிறைவேறிய சப்போர்ட் சட்டத்தில் இருந்தது. அதன் 8071-ஆம் பிரிவின்கீழ் மத்திய வீட்டுவசதித் துறை வழியாக மாநிலங்களுக்குப் பணம் வரும். வீடு வாங்கலாம், பழுது பார்க்கலாம், வாடகைக்கு எடுக்கலாம். ஒருவர் அங்கே அதிகபட்சம் இரண்டு வருஷம் தங்கலாம், அதற்குள் நிரந்தர வீடு கிடைத்தால் அதுவரை. போதை மருந்து அளவு மீறியதால் அதிக மரணம் கண்ட மாநிலங்களுக்குத்தான் இந்தப் பணம். ஒஹையோ அந்தப் பட்டியலில் இருப்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

நாங்கள் விண்ணப்பித்தோம். ஒரு வீடும் பார்த்து வைத்தோம். 1920-களில் கட்டியது, ஆறு படுக்கையறை, பஸ் நிறுத்தம் பக்கத்திலேயே. விற்ற அம்மாவுக்கு எங்களைப் பிடித்திருந்தது. முன்பணம் கொடுத்துவிடலாம் என்று செக்கே எழுதிவிட்டேன். அதற்கு முந்தின நாள், வேறு ஏதோ கேட்பதற்காக மாநில அலுவலகத்துக்கு ஃபோன் செய்தபோது, அங்கிருந்த பெண் பேச்சுவாக்கில் கேட்டார்: "எதிலும் கையெழுத்துப் போடலையே?" அப்போதுதான் தெரிந்தது. சுற்றுச்சூழல் ஆய்வு முடிந்து அனுமதி வருவதற்குள் வாங்குகிறேன் என்று ஒப்புக்கொண்டால் அந்த வீட்டுக்கு மானியமே போய்விடும். வெள்ளம் வரும் இடமா, மண்ணில் நச்சு இருக்கிறதா, ரயில் சத்தம் எவ்வளவு, பழம்பெருமை வாய்ந்த கட்டடமா, 1978-க்கு முந்தியது என்றால் பெயின்டில் ஈயம் இருக்கிறதா என்று எல்லாம் பார்க்க வேண்டும். எங்களுக்கு ஏழு மாதம் ஆனது. அந்த அம்மா ஏழு மாதம் எப்படிக் காத்திருப்பார்? வேறு யாருக்கோ விற்றுவிட்டார். சிறு தொகை கொடுத்து, வாங்கும் உரிமையை மட்டும் பிடித்து வைக்க விதியில் இடம் உண்டு என்பது பிற்பாடு தெரிந்தது. கணக்கன் நான்தானே, நான்தான் படித்திருக்க வேண்டும்.

இரண்டாவது வீடு அமைந்தபோது வேறொரு தலைவலி. அரசுப் பணம் முன்னால் வராது. நாம் செலவு செய்து ரசீதை அனுப்பினால்தான் திரும்ப வரும். கையில் பணமில்லாததால்தானே மானியம் கேட்கிறோம்! கடைசியில் வீட்டின் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் தன் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கிக் கொடுத்தார். இதை எந்த விண்ணப்பத்திலும் எழுத இடமில்லை.

சலிப்பு வரும்போதெல்லாம் ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸை நினைத்துக்கொள்வேன். போதையை விட்டவர்கள் தாங்களே நடத்திக்கொள்ளும் வீடுகள் அவை. 1975-ல் மேரிலாந்தின் சில்வர் ஸ்பிரிங்கில், குடியை விட்டவர்களுக்கு அரசு நடத்திய விடுதி ஒன்றை மூடப்போவதாகச் சொன்னார்கள். உள்ளே இருந்தவர்கள் வெளியேறாமல் தாங்களே வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். மேலாளர் கிடையாது, வாடகையைப் பங்கிட்டுக்கொள்வார்கள், எல்லாமே ஓட்டுப் போட்டு முடிவு, குடித்தால் வெளியே. 1988-ல் இதைப் பார்த்து ஒரு சட்டமே வந்தது: ஒவ்வொரு மாநிலமும் ஒரு லட்சம் டாலர் சுழல்நிதி, அதாவது திரும்பி வரும் பணத்தையே அடுத்தவருக்குக் கடன் கொடுக்கும் நிதி, வைக்க வேண்டும், ஆறு பேராவது சேர்ந்து கேட்டால் 4,000 டாலர் வரை கடன், இரண்டு வருஷத்தில் திருப்பிக் கட்ட வேண்டும் என்றது அது. 2000-ல் அந்தக் கட்டாயம் போய், மாநிலங்களின் விருப்பமானது. இலவசமில்லை, கடன். அது முன்பணத்துக்கும் கட்டிலுக்கும் போதுமானதாக இருந்தது. நம்மூர் மகளிர் சுய உதவிக் குழு மாதிரிதான். இருநூறு பக்க விண்ணப்பம் எழுதும் எனக்கு இதைப் படித்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். வாடகைக்கு எடுத்திருந்தால் அந்த ஏழு மாதத்தில் எட்டுப் பேர் குடியேறியிருப்பார்கள்.

ஆனால் வாடகை வீட்டுக்காரர் மனம் மாறினால் எட்டுப் பேரும் தெருவில். அதனால்தான் சொந்தச் சுவர் வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன், இன்னும் பிடிக்கிறேன். தெருக்காரர்கள் கூட்டம் போட்டு எதிர்த்தபோது 1995-ஆம் வருஷத்து உச்ச நீதிமன்றத் தீர்ப்பு கைகொடுத்தது. வாஷிங்டன் மாநிலத்து எட்மண்ட்ஸ் நகரம், உறவில்லாதவர்கள் ஐந்து பேருக்கு மேல் ஒரு வீட்டில் இருக்கக் கூடாது என்ற விதியைக் காட்டி ஆக்ஸ்ஃபோர்டு ஹவுஸை நெருக்கியது. வீடு கொடுப்பதில் பாகுபாடு கூடாது என்னும் வீட்டுவசதிச் சமநீதிச் சட்டத்துக்குக் கட்டுப்படாமல் அந்த விதி தப்ப முடியாது என்றது நீதிமன்றம்.

சரி, ஃபர்னஸ். நான் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது வீடு கதகதவென்று இருந்தது. மூன்று வாரம் முன்பு வந்தவர், பழைய ஹீட்டிங் மெக்கானிக், அடித்தளத்துக்குப் போய்த் தீமூட்டியைக் கழற்றி, 41 டாலருக்குப் புதியது வாங்கி வரச் சொல்லி மாட்டிவிட்டார். தன்னார்வ உழைப்பைப் பணமாகக் கணக்கிட்டு, மானியத்தோடு நாம் போட வேண்டிய பங்காகக் காட்டச் சில மானியங்களில் வழியுண்டு. நேரக் குறிப்பேட்டை நீட்டி, இரண்டரை மணி நேரம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்றேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் தூங்குகிற வீட்டுக்கு நான் எதற்குக் கணக்கு எழுத வேண்டும் என்று கேட்டுவிட்டு, காபி போடப் போனார்.

தாள் இன்னும் என் பையில் காலியாகத்தான் இருக்கிறது. 41 டாலர் ரசீதை 'சில்லறை மராமத்து' என்று எழுதி வைத்திருக்கிறேன்.