தோரீ குடும்பத்தின் செஞ்சோற்றுக் கடன்

பின்னாளில் ஜப்பானை ஆண்ட தோக்குகவா இயேயாசு, சிறுவனாக அண்டை நாட்டை ஆண்ட இமகாவா குலத்தின் பிடியில் சும்பு நகரில் பணயமாக இருந்த ஆண்டுகளில், அவருடைய சொந்த மண்ணான மிகாவாவின் வரி வருவாய் முழுவதும் இமகாவாவுக்கே போயிற்று. அவருடைய சேவகர்கள் ஊதியமின்றி, உழவர்களைப் போலத் தாங்களே வயலில் இறங்கிப் பயிரிட்டுப் பிழைத்தார்கள். ஆனாலும் போர் என்று வந்தால் முன்னணியில் நிறுத்தப்பட்டவர்கள் அவர்கள்தாம். சாமுராய் வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது நாம் வாளிலேயே நின்றுவிடுகிறோம். எனக்கோ இந்த வயல்வேலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது.

அந்தக் காலத்தில் மிகாவாவின் ஒகாசாக்கிக் கோட்டையில் கணக்கு வழக்குகளைக் கவனித்துவந்த முதியவர் தோரீ ததாயோஷி, இமகாவாவின் அதிகாரிகளுக்குத் தெரியாமல் நெல்லும் காசும் சேர்த்துவைத்தார். முன்னோர் நினைவுச் சடங்குக்காக ஊர் வந்த இளம் இயேயாசுவை அவர் கைபிடித்துக் களஞ்சியத்துக்கு அழைத்துச் சென்று, என்றாவது நாடு திரும்பும்போது படை திரட்ட இது உதவும் என்று காட்டியதாக மரபுக் குறிப்புகள் சொல்கின்றன. கயிற்றில் கோத்த காசுகளைப் படுக்கவைத்து அடுக்கினால் உடைந்துவிடும், நிமிர்த்தி அடுக்க வேண்டும் என்றும் அவர் சொல்லிக்கொடுத்தாராம். எண்பது வயதை எட்டிய ஒருவர், தாம் பார்க்கக் கிடைக்குமா என்றே தெரியாத ஒரு நாளுக்காக அத்தனை நுணுக்கம் பார்த்திருக்கிறார். 1560-இல் ஒகேஹசாமா போரில் இமகாவா குலத் தலைவர் யோஷிமோதோ கொல்லப்பட்ட பிறகு இயேயாசு ஒகாசாக்கிக்குத் திரும்பினார்.

ததாயோஷியின் மகன் மோதோததா, சும்புவில் இயேயாசுவுக்குத் துணையாக வளர்ந்தவர். 1600-இல் உவெசுகி ககெகட்சு என்ற பிரபுவை எதிர்த்து இயேயாசு கிழக்கே புறப்பட்டபோது, கியோத்தோவை அடுத்த ஃபுஷிமி கோட்டையைக் காக்கும் பொறுப்பு மோதோததாவிடம் வந்தது. அப்போது அவருக்கு 60 வயது கடந்திருந்தது. கூடுதல் படையை விட்டுச்செல்லவா என்று தலைவர் கேட்டதற்கு, எதிரி திரண்டு வந்தால் இங்கே எத்தனை பேர் இருந்தாலும் கோட்டை நிற்காது, ஆட்களைத் தாங்களே கொண்டுசெல்லுங்கள் என்று அவர் மறுத்ததாகச் சொல்வார்கள். சாவைத் தேடும் வீராவேசம் எதையும் நான் இதில் காணவில்லை. களஞ்சியத்தில் காசு அடுக்கிய தகப்பனின் கணக்கறிவே பேசுகிறது.

இயேயாசுவின் எதிரியான இஷிதா மிட்சுனாரியின் தரப்பில் ஏறத்தாழ 40,000 பேர் வந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் சுமார் 1,800 பேர். பத்து நாட்களுக்கு மேல் கோட்டை தாக்குப்பிடித்தது. காவலில் இருந்த, கோகா பகுதியைச் சேர்ந்த வீரர்கள் சிலருடைய மனைவி மக்களைப் பிடித்துக் கொன்றுவிடுவதாக முற்றுகையிட்டவர்கள் மிரட்டியதால், அந்த வீரர்கள் உள்ளிருந்தே தீ வைத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்கிறது வரலாறு. அவர்களைத் துரோகிகள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மோதோததா மாண்டார். ஆறு வாரங்களில் செகிகாஹாரா போரில் மிட்சுனாரியின் தரப்பை இயேயாசு வென்றார். இரத்தம் ஊறிய ஃபுஷிமியின் தரைப்பலகைகள் கியோத்தோவின் யோகெனின் உள்ளிட்ட கோயில்களில் கூரைப்பலகைகளாகப் பதிக்கப்பட்டன என்பது மரபு. காலால் மிதிக்கலாகாது என்ற எண்ணமே காரணம்.

மோதோததாவின் மகன் ததாமசாவுக்கு ஆளும் நிலப்பகுதிகளாக முதலில் இவாக்கியும், 1622-இல் யாமகதாவும் கிடைத்தன. 1636-இல் பேரன் வாரிசின்றி இறந்தபோது யாமகதா பறிபோனது. ஆனாலும் மோதோததாவின் தொண்டை எண்ணி, பேரனின் தம்பிக்குத் தகாதோ என்ற சிறு நிலப்பகுதியை அரசு கொடுத்தது.