ஏகேஜி சி414 எக்ஸ்எல்எஸ்: எல்லாவற்றுக்கும் ஒரே மைக்?

எல்லா வேலைக்கும் ஒரே மைக் போதும் என்று யார் சொன்னாலும் எனக்குச் சந்தேகம்தான் வரும். ஆனால் இந்த மைக்கைப் பொறுத்தவரை அந்தப் பேச்சில் பெரிய பொய் இல்லை. ஒலியை வாங்கும் சவ்வான டயாஃப்ரம் பெரியது, மைக் கேபிள் வழியாகவே வரும் 48 வோல்ட் மின்சாரம் (ஃபேன்டம் பவர்), எந்தத் திசைச் சத்தத்தை எடுக்க வேண்டும் என்று மாற்றிக்கொள்ள 9 போலார் பேட்டர்ன்.

ஒன்பதும் தேவையா? தினசரி வேலைக்கு, முக்கியமாக முன்பக்கச் சத்தத்தை எடுக்கும் கார்டியாய்டே போதும். ஆனால் பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பவரைப் பதிவு செய்யும்போது முன்னும் பின்னும் மட்டும் கேட்கும் ஃபிகர்-8க்கு மாற்றி, மைக்கின் விளிம்பு கிட்டாரைப் பார்க்கிற மாதிரி சாய்த்து வையுங்கள், அந்தத் திசையில் மைக்குக்குக் காது கிடையாது என்பதால் குரல் டிராக்கில் கிட்டார் நன்றாகவே அடங்கிவிடும். எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

குரல் கிட்ட வந்தால் பேஸ் (கீழ் ஸ்தாயி) ஏறும், அப்போது 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியைக் குறைக்கும் லோ கட்டைப் போடுங்கள். டிரம்ஸ் மாதிரி உரத்த சத்தத்துக்கு, சிக்னலை 18 டெசிபல் வரை குறைக்கும் பேட் இருக்கிறது.

எக்ஸ்எல்ஐஐ என்ற இன்னொரு வடிவத்தில் மேல் ஸ்தாயி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். தனிக்குரல் பளிச்சென்று முன்னால் நிற்கும், சரி, ஆனால் 'ஸ' அழுத்தமாக வரும் பாடகர்களுக்கு எக்ஸ்எல்எஸ்தான் என் தேர்வு. இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்பவர்கள் முதலில் ஒலி அளவைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சத்தமாக இருப்பதுதான் நல்ல மைக் என்று காது ஏமாந்துவிடும்.

அப்புறம், எக்ஸ்எல்எஸ் மைக்கே உண்டாக்கும் சொந்த இரைச்சல் வெறும் 6 dB-A (காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அளந்த டெசிபல்). அதனால் பதிவில் இரைச்சல் கேட்டால் முதலில் அறையில் ஓடும் ஃபேனையும் கம்ப்யூட்டரையும் பாருங்கள்.