லேபாட்சி விதானத்துச் சேலைகள்

ஆடை வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்டு 18 ஆண்டுகளாகப் பெங்களூரில் வாழ்ந்துவரும் நான், ஆந்திர எல்லைக்குள் இருக்கும் லேபாட்சி வீரபத்திரசுவாமி கோயிலுக்கு முதன்முதலில் சென்றது மாணவப் பருவத்தில். தாளும் பென்சிலும் நிறைந்த பைகளுடன் போய் இறங்கிய நாங்கள், காலை முதல் மாலை வரை தூண்களையும் விதானத்தையும் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தோமே தவிர, கருவறைப் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. அன்று வரைந்தவை பின்னாளில் எனக்குச் சோறு போட்டன. லதா மண்டபத்துத் தூண் ஒன்றில் ஓடிய கொடிதான் நான் தனியாகத் தொழில் தொடங்கியபோது நெய்வித்த முதல் பருத்திச் சேலைக்குக் கரையாக அமைந்தது. ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து, வீட்டுக்காரரை ஒரு வார்த்தை விசாரிக்காமல், சுவரில் மாட்டியிருந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்ற உறுத்தல் அந்தச் சேலை விற்றுத் தீர்ந்த நாளிலிருந்து எனக்குள் இருந்தது.

சென்ற ஆண்டு கார்த்திகைச் சோமவாரம் ஒன்றில், அந்த உறுத்தலைத் தீர்த்துக்கொள்ள அம்மாவையும் அழைத்துக்கொண்டு விடியுமுன் புறப்பட்டேன். அரக்கு நிற உடலும் மஞ்சள் கரையும் உடைய புதுச் சேலை ஒன்று மடியில் இருந்தது. கரையில் அதே கொடி ஓடியது. துர்க்கைக்கு அதைச் சாத்த வேண்டும் என்பது என் வேண்டுதல்.

உருவங்களும் நிறங்களும் எங்கிருந்து உனக்குத் தோன்றுகின்றன என்று என்னைக் கேட்காதவர்கள் குறைவு. அன்றாடம் கண்ணில் படுபவற்றிலிருந்துதான் என்பதைத் தவிர வேறு விடை என்னிடம் இல்லை. அம்மா வாசலில் இடும் சிக்குக் கோலத்தில், கம்பி எந்தப் புள்ளியை எப்படிச் சுற்றித் திரும்புகிறது என்பதை எத்தனையோ காலைகளில் நின்று பார்த்திருக்கிறேன். கே.ஆர். மார்க்கெட்டில் பொழுது விடியும் முன்பே குவிந்துவிடும் செவ்வந்தியில், மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் நடுவே எத்தனை நிறங்கள் இருக்கின்றன என்று எண்ண முயன்று பாதியில் விட்டிருக்கிறேன். பருவத்துக்குப் பருவம் கண்ணின் பசியும் மாறுகிறது. சித்திரையில் மல்லிகையும் வேப்பம்பூவும் வரும்போது வெள்ளையையும் இளம்பச்சையையும் விட்டு மனம் நகராது. மழைக்காலத்தில் ஈரம் ஊறிய சுவரின் பாசி நிறம் பிடித்துப்போகும். கார்த்திகை வந்துவிட்டாலோ அகல் விளக்கின் சுடரும் அது சுவரில் பூசும் செம்மஞ்சளும்தான் எல்லாம். பசவனகுடியில் நந்தி கோயிலை ஒட்டிய தெருவெங்கும் நிலக்கடலையைக் குவித்து நடத்தும் கடலேகாய் பரிஷே என்ற கடலைத் திருவிழா இந்த மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையில் வருவதால், வறுத்த கடலையின் வாசனையும் எனக்குக் கார்த்திகையோடு சேர்ந்துவிட்டது.

பெங்களூரிலிருந்து லேபாட்சி ஏறக்குறைய 120 கிலோமீட்டர். ஹைதராபாத் நெடுஞ்சாலையில் சிக்கபள்ளாபூர், பாகேபள்ளி ஆகிய ஊர்களைக் கடந்து, எல்லை தாண்டியதும் கொடிகொண்டா சோதனைச் சாவடியில் இடப்புறம் பிரிய வேண்டும். அறுவடைக் காலமாகையால், கிளைச் சாலையில் அறுத்த கேழ்வரகுத் தாளைப் பரப்பி, போகும் வண்டிகளின் சக்கரங்களே கதிரடித்துக் கொடுக்கும்படி விட்டிருந்தார்கள். அதன் மீது எங்கள் வண்டி மெத்தையில் போவதுபோல ஓசையின்றிச் சென்றது. பிடுங்கிய கடலைச் செடிகளை வேர் மேலாகத் திருப்பி அடுக்கியிருந்த வயல்களில், மண் ஒட்டிய காய்களின் வெளிறிய பழுப்பும் வாடத் தொடங்கிய இலையின் பச்சையும் அடுத்தடுத்து வரி வரியாக ஓடின. நெசவாளர் ஒருவரை அழைத்து வந்து காட்டினால், நெடுக்கே ஓடும் பாவு நூலையும் குறுக்கே ஓடும் ஊடை நூலையும் அங்கேயே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். இங்கிருந்து மேற்கே உள்ள இந்துபூரில் பட்டுக்கூட்டுச் சந்தை பெரியது என்பதால், வழியில் முசுக்கொட்டைத் தோட்டங்களும் தென்பட்டன. நூல் பிறக்கும் நிலத்தின் நடுவே அந்தக் கோயில் இருக்கிறது என்பதை மாணவியாக வந்தபோது நான் கவனித்திருக்கவில்லை.

ஊருக்குள் நுழையும் முன்பே நந்தி வரவேற்கிறார். 27 அடி நீளமும் 15 அடி உயரமும் கொண்ட அந்த நந்தியை ஒரே கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். முதுகில் போர்த்திய துணியின் விளிம்பும், கழுத்தில் தொங்கும் மணிச் சரங்களும், கல் என்பதை மறக்கச் செய்யும் அளவுக்குத் தளர்வாகப் படிந்திருக்கின்றன. அம்மா வலம்வந்து நெற்றியைக் கல்லில் வைத்து வணங்கினார். நான் அந்தத் துணி விளிம்பைத் தொட்டு வணங்கினேன்.

ஆமை முதுகுபோல் எழும்பிய பாறையின் மேல் அமைந்திருப்பதால் கோயில் இருக்கும் குன்றைக் கூர்மசைலம் என்று அழைக்கிறார்கள். விஜயநகர மன்னர் அச்சுதராயர் காலத்தில், 1530களில், பெனுகொண்டாவில் அதிகாரிகளாக இருந்த விருபண்ணா, வீரண்ணா என்ற சகோதரர்கள் இதைக் கட்டுவித்தார்கள். இராவணனால் வெட்டுண்ட சடாயு இங்கே விழுந்து கிடந்ததாகவும், இராமபிரான் "லே பட்சி", அதாவது "எழுந்திரு பறவையே" என்று அழைத்ததாகவும், அதுவே ஊருக்குப் பெயரானதாகவும் சொல்கிறார்கள். தெலுங்கில் அந்த இரண்டு சொற்களைக் கேட்கும்போது ஏதோ ஒரு வாஞ்சை நெஞ்சைத் தொடுகிறது. சிறகு வெட்டுப்பட்டுக் கிடப்பவனிடம் பெருமாள் முதலில் சொன்ன சொல் அதுவாக இருந்திருக்கும் என்று நம்பவே எனக்கு விருப்பம்.

படியேறும்போதே அம்மா ஒரு நிபந்தனை விதித்தார்.

"முதல்ல சாமியைப் பாரு. அதுக்கப்புறம் மேலே பாரு."

நாட்டிய மண்டபத்தின் வழியாகத்தான் கருவறைக்குச் செல்ல வேண்டும். தூண்களில் ரம்பை ஆடுகிறாள், பிரமன் மத்தளம் வாசிக்கிறான், தும்புரு வீணை மீட்டுகிறார், பிருங்கி முனிவர் மூன்று கால்களுடன் தாளம் பிசகாமல் நிற்கிறார். அதற்கு மேலே, விதானம் முழுவதும், நான் மாணவப் பருவத்திலிருந்து கனவில் கண்டுவரும் ஓவியங்கள். சேலைப் பையை நெஞ்சோடு அணைத்தபடி, கண்ணைத் தரையிலேயே வைத்து நடந்தேன். அந்த முப்பது, நாற்பது அடிகளைப் போல நான் கடினப்பட்டு நடந்த தூரம் வேறு இல்லை.

உள்ளே எண்ணெய் விளக்குகளின் வெளிச்சம் மட்டும் இருந்தது. தட்சனின் வேள்வியை அழிக்கச் சிவபெருமானின் சடையிலிருந்து எழுந்த வீரபத்திரர், உக்கிர மூர்த்தி என்றே கேட்டு வளர்ந்திருந்தேன். ஆனால் ஆரத்தியின் ஒளியில் தெரிந்த முகத்தைக் கண்டபோது அச்சம் எழவில்லை. கோபித்துக்கொள்ளும் உரிமையுள்ள பெரியவர் ஒருவர் முன் நிற்பதுபோல இருந்தது. முன்பு வந்தபோது உங்களைப் பார்க்காமல் போய்விட்டேன் என்று மனத்துக்குள் சொன்னேன். அதற்கு மேல் சொல்ல எதுவும் வரவில்லை. கண்ணீர் வந்தது. அம்மா பார்த்தும் பார்க்காததுபோல் நின்றிருந்தார்.

துர்க்கை சந்நிதியில் சேலையைத் தட்டில் வைத்துக் கொடுத்தேன். வயதான அர்ச்சகர் அதைப் பிரித்து, கரையை விரல்களால் ஒருமுறை தடவிப் பார்த்தார். "இந்தக் கொடி நம்ம மண்டபத்துக் கொடி இல்லையா அம்மா?" என்று தெலுங்கில் கேட்டார். ஆமாம் என்று தலையசைத்தேன். உச்சிவேளைக்கு முன் சாத்திவிடுவதாகவும், சுற்றிவிட்டு மறுபடி வந்து பார்க்கும்படியும் சொன்னார்.

அதன் பிறகே மேலே பார்த்தேன்.

செங்காவி நிறப் பின்புலத்தில், கரிய கோட்டால் வரம்பிட்டு, மஞ்சளும் வெள்ளையும் பச்சையும் நிரப்பிய ஓவியங்கள் பட்டை பட்டையாக ஓடுகின்றன. பார்வதி கல்யாணம், அருச்சுனனும் வேடனாக வந்த சிவனும் பொருதும் கிராதார்ச்சுனீயம், திரௌபதி சுயம்வரம் என்று கதைகள் தொடர்கின்றன. பெண்கள் பக்கவாட்டு முகத்தோடு, சரிந்த கொண்டையில் பூச்சூடி வரிசையாக நிற்கிறார்கள். அவர்களின் சேலைகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. ஒருத்தியின் சேலையில் அகன்ற பட்டை, அடுத்தவளுடையதில் சிறு கட்டம், அதற்கடுத்தவளுடையதில் வட்டத்துக்குள் அடங்கிய பூ. முந்தி தோளிலிருந்து விழும் விதமும், கொசுவம் முன்னால் விசிறியாக விரியும் விதமும், துணி மெல்லியதா கனமானதா என்பதை நமக்குச் சொல்லிவிடுகின்றன. ஆண்களும் பின்தங்கவில்லை. கருவறைக்கு முன்னுள்ள விதானத்தில் வீரபத்திரரின் பேருருவத்தை வணங்கி நிற்கும் விருபண்ணாவும் வீரண்ணாவும் அணிந்திருக்கும் உயரமான கூம்புக் குல்லாய்களும் பூவேலை செய்த ஆடைகளும், விஜயநகரத்து மக்கள் உடுத்தியதைக் காட்டும் நேரடிச் சான்றுகள். அக்காலத் துணி மட்கிப்போய்விட்டது. அதன் சாயமும் அமைப்பும் இறைவனின் தலைக்கு மேலே எழுதப்பட்டிருந்ததால் பிழைத்திருக்கின்றன. வடக்கே உள்ள தர்மாவரத்தின் பட்டுத்தறிகளிலும் இந்த உருவங்கள் இன்றும் ஓடுகின்றன.

அம்மாவின் கவனம் வேறிடத்தில் நின்றிருந்தது. "இது நம்ம திருவாரூர்க் கதையாச்சே!" என்று கையை உயர்த்திக் காட்டினார். தேர்க்காலில் கன்றை இழந்த பசு, நீதி கேட்டு நிற்க, தன் மகனையே தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் கதை அங்கே தீட்டப்பட்டிருக்கிறது. தஞ்சை மண்ணில் பிறந்த அம்மாவுக்கு, தெலுங்கு நாட்டுக் கோயிலின் விதானத்தில் சோழனைக் கண்டதும் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல ஆகிவிட்டது. கழுத்து வலிப்பதையும் பொருட்படுத்தாமல் அந்தப் பசுவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தரையில் முழுதாகப் படியாமல் தொங்கும் தூணின் அடியில், எல்லோரையும்போல நாங்களும் துணியைச் செலுத்தி இழுத்தோம். அம்மா தம் கைக்குட்டையைத் தவிர்த்து, புடவைத் தலைப்பையே விட்டு எடுத்தார். கல்லுக்கும் தரைக்கும் நடுவே துணி தங்குதடையின்றி வழுக்கி வந்தபோது, அவர் முகத்தில் தெரிந்த சிறுமியின் மகிழ்ச்சிக்கு இணையாக அந்த நாளில் வேறொன்றும் இல்லை.

வெளியே மூன்று சுற்றாகச் சுருண்டு, ஏழு தலைகளை விரித்து, இலிங்கத்துக்குக் குடை பிடிக்கும் நாகம். மதியச் சமையல் முடிவதற்குள் சிற்பிகள் இதைச் செதுக்கி முடித்துவிட்டதாகவும், வியந்து பார்த்த அவர்களின் தாயின் கண்பட்டே கல்லில் பிளவு விழுந்ததாகவும் கதை உண்டு. பாறைத் தரையில் வட்டத் தட்டுகளும் அவற்றுக்குள் சிறு கிண்ணக் குழிகளும் குடையப்பட்டிருக்கின்றன. வேலை செய்தவர்கள் உணவு உண்ட தட்டுகள் என்று சிலரும், ஓவியர்கள் வண்ணம் குழைத்த இடங்கள் என்று சிலரும் சொல்கிறார்கள். நான் அவற்றின் அருகே உட்கார்ந்து, கிண்ணக் குழி ஒன்றில் விரலை வைத்தேன். சோறோ சாயமோ, இரண்டில் எதுவாயினும் அந்தத் தட்டின் முன் அமர்ந்தவர்களின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. கட்டுவித்தவர்களின் பெயர் கல்வெட்டிலும் கதையிலும் இருக்கிறது. கருவூலப் பணத்தைச் செலவழித்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட விருபண்ணா தன் கண்களைத் தானே பிடுங்கி எறிந்தான் என்று சொல்லி, சுவரில் செந்நிறத் தடம் இரண்டைக் காட்டுகிறார்கள். கல்யாண மண்டபம் கூரையின்றி நின்றுபோனதும் அதனால்தான் என்கிறார்கள்.

அந்த முடியாத மண்டபத்தை அடுத்து லதா மண்டபம். கொடி, பூ, அன்னம், கிளி, பின்னல் என்று தூணுக்குத் தூண், பக்கத்துக்குப் பக்கம் உருவம் மாறிக்கொண்டே போகிறது. அச்சுத் துணியிலும் தறியிலும் ஓர் உருவத்தைத் தேர்ந்துகொண்டு திரும்பத் திரும்ப வரச் செய்வதுதான் எங்கள் வேலை. செலவும் நேரமும் அதற்கு மேல் இடம் தருவதில்லை. இங்கே உளி பிடித்தவரோ, ஒரு தூணில் செய்ததை அடுத்த தூணில் செய்யாமல் விட்டு, இன்னொன்றைத் தேடியிருக்கிறார். விற்பனைக்கு வைப்பதென்றால் இவ்வளவு தேட வேண்டியதில்லை. பார்ப்பவர் இறைவன் என்ற நினைப்பில்தான் கை இப்படிச் சலிக்காமல் தேடும். நான் எடுத்துச் சென்ற கொடி இருந்த தூணைக் கண்டுபிடிக்கச் சிறிது நேரமாயிற்று. அதன் தண்டு ஓரிடத்தில் சற்றே தடித்து, பிறகு மெலிந்து வளைவதைக் கண்டேன். என் பிரதியில் தண்டு முழுவதும் ஒரே பருமனாக இருந்தது. அந்தத் தடிப்பை நான் பிழையென்று கருதி நீக்கியிருந்தேன். கொடி முறுக்கிக்கொண்டு திரும்பும் இடம் அது. செவ்வந்தித் தண்டை ஒடித்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

பையில் குறிப்பேடு இருந்தும் அன்று நான் வரையவில்லை. தூணின் அடியில் பெண்கள் சிலர் அகல் ஏற்றி, நெல்லிக்கனியில் திரி வைத்து, கார்த்திகைத் தீபம் இட்டுக்கொண்டிருந்தார்கள். வயது முதிர்ந்த ஒருத்தி அம்மாவைப் பார்த்துச் சிரித்து, தன்னிடம் இருந்த விளக்கொன்றை நீட்டினாள். மொழி புரியாமலேயே இருவரும் அருகருகே அமர்ந்து ஏற்றினார்கள். சுடரின் வெளிச்சம் கல்லில் இருந்த அன்னத்தின் கழுத்தில் ஏறி அசைந்தது.

உச்சிவேளை நெருங்கும்போது துர்க்கை சந்நிதிக்குத் திரும்பினோம். அரக்குச் சேலை அம்மன் மேனியில் கொசுவம் விரிய நின்றது. செவ்வந்தி மாலை மார்பிலிருந்து பாதம் வரை தொங்கியதால் கரையின் பெரும்பகுதி பூவுக்குள் மறைந்துபோயிருந்தது. வலப்பாதத்தின் அருகே ஒரு சாண் அளவுக்கு மட்டும் மஞ்சள் கொடி தெரிந்தது. அர்ச்சகர் விளக்கைத் தாழ்த்தி அந்த இடத்தில் ஒரு கணம் காட்டிவிட்டு, மறுபடி முகத்துக்கு உயர்த்தினார்.